மூன்றாவது ஓலை

இன்றைக்கு ஈப்போவில் என் லோரிகள் ஏழு ஓடுகின்றன. எட்டாவது பட்டறையில் நிற்கிறது. எஸ்டேட் தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு படிப்பை முடித்தவன் நான். சுங்காய்க்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில் அப்பாவும் அம்மாவும் மரம் சீவினார்கள். நான் லோரியில் கெலிண்டானாக ஏறினேன், அதாவது சாமான் ஏற்றி இறக்கி, சக்கரத்துக்குக் கட்டை போடுகிற ஆள். ஐந்து வருடத்தில் ஸ்டியரிங் என் கைக்கு வந்தது. முப்பது வயதுக்குள் ஈப்போ புந்தோங்கில் என் சொந்த லோரியைக் கொண்டுவந்து நிறுத்தினேன். படித்தவர்கள் எனக்குக் கடிதம் எழுதித் தந்திருக்கிறார்கள், நான் அவர்களுக்குச் சம்பளம் தந்திருக்கிறேன். இதையெல்லாம் கல்யாண விருந்துகளில் மைக்கைப் பிடித்துப் பலமுறை சொல்லியிருக்கிறேன். என் பிள்ளைகளுக்கு மனப்பாடம்.

மைக்கில் சொல்லாதது ஒன்று உண்டு. எழுதலாம் என்று உட்கார்ந்ததுமே வாயில் எச்சில் ஊறுகிறது. விழுங்கப் பிடிக்கவில்லை, எழுந்துபோய்த் துப்பிவிட்டு வந்துதான் இந்த வரியை எழுதுகிறேன்.

எனக்குப் பொம்பளைச் சீக்கு வந்தது. அப்போது எல்லோரும் அதை அப்படித்தான் சொல்வார்கள். மலாய்க்காரர்களும் அவர்கள் மொழியில் அதே பேரைத்தான் வைத்திருந்தார்கள். ஆண்கள் ஊர் ஊராகப் போய் வாங்கிக்கொண்டு வருவது, பேர் மட்டும் பெண்களுக்கு. அன்றைக்கு இது எனக்கு உறைக்கவில்லை.

எழுபதுகளின் நடுவில் நடந்தது. சொந்த லோரி வாங்கிய புதிது. ரப்பர் ஷீட் ஏற்றிக்கொண்டு வடக்கே போவேன், சில நடை தாய்லாந்து எல்லைவரை. எல்லைக்கு அந்தப் பக்கம் வரிசையாகப் பலகை வீடுகள் இருந்தன. யாரும் என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகவில்லை. தலைக்கு எண்ணெய் தடவி, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு நானாகத்தான் போனேன். சொந்த லோரிக்காரன் என்ற திமிரில் போனேன். அந்த அறையின் நாற்றம் இப்போதும் ஞாபகம் இருக்கிறது: கொசுவத்திப் புகை, மலிவான பவுடர், நனைந்த பாய். அந்தப் பெண்ணின் முகம் ஞாபகம் இல்லை. அதை நினைத்தாலும் அருவருப்பாகத்தான் இருக்கிறது.

மூன்று வாரம் கழித்து ஒரு புண் வந்தது. பித்தான் அளவு, கெட்டியாக, ஓரம் தடித்து. வலிக்கவில்லை, அரிக்கவில்லை. வலிக்காத புண்ணை லோரிக்காரன் மதிக்க மாட்டான். புந்தோங்கில் நாங்கள் லோரிகளை நிறுத்துகிற மைதானத்தில் ஒரு கோப்பிக் கடை. அங்கே சொன்னேன்.

"எஞ்சின் சூடு மச்சான்," என்றார் மூத்த டிரைவர் ஒருவர். "கீழ எறங்கியிருக்கு. எனக்கு வருஷத்துக்கு ரெண்டு தடவ வருது லா."

"அண்ணே, ஒங்களுக்கு எஞ்சினே வேணாம்," என்றான் இன்னொருவன். "நீங்க சைக்கிள்ல போனாலே சூடு ஏறும்."

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

வெளியாட்களுக்கு இது விளங்காது. அந்தக் காலத்து லோரியில் எஞ்சின் நம் சீட்டுக்குப் பக்கத்திலேயே, தகர மூடிக்குள் இருக்கும். தாப்பாவிலிருந்து தைப்பிங்வரை ஓட்டினால் இடது தொடை வெந்துவிடும். ஆகவே இடுப்புக்குக் கீழே எது வந்தாலும், கட்டியோ, சீழோ, எரிச்சலோ, எங்களுக்கு அது எஞ்சின் சூடுதான். அதற்கு மருந்து இளநீர், பார்லித் தண்ணீர், சீனக் கடைக் கசப்புத் தண்ணீர். அதற்கும் அடங்காவிட்டால் கோப்பிக் கடை முதலாளி மேசை இழுப்பறையில் வைத்து ஒவ்வொன்றாக விற்கும் கறுப்பு சிவப்பு மாத்திரை. ஒரு மாத்திரையை இரண்டு பேர் பிரித்து, தூளைக் கோப்பியில் கொட்டிக் குடித்ததையும் பார்த்திருக்கிறேன்.

நான் சும்மா இருப்பேனா? எதிலும் மற்றவனைவிட ஒரு படி மேலே போகிறவன் நான். எஞ்சின் மூடிக்கும் சீட்டுக்கும் நடுவில் ஒரு தகரத்தை வளைத்து நிறுத்தி, அதன்மேல் ஈரச் சாக்கை மடித்துப் போட்டேன். காய்ந்தால் மறுபடி தண்ணீர் ஊற்ற ஒரு டின். மூன்று வாரத்தில் புண் தானாக ஆறிவிட்டது. அந்த நோய் அப்படித்தான், முதல் புண் தானாக ஆறும், பிறகு உள்ளே வேலை பார்க்கும் என்பது எனக்கு எப்படித் தெரியும்? என் சாக்குதான் ஆற்றியது என்று மைதானம் முழுக்கச் சொன்னேன். பத்துப் பதினைந்து பேர் அவர்கள் லோரியிலும் என்னைக் கூப்பிட்டுத் தகரம் வளைக்கச் சொன்னார்கள். ஈரச் சாக்கு புழுங்கி லோரிக்குள் செத்த எலி நாற்றம் அடிக்கும். அதிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டு, நான் கண்டுபிடித்த வைத்தியத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு போவேன்.

அவளைச் சந்தித்தது அந்த மாதம்தான்.

தோட்டத்தில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி, வண்டி கிடைக்கவில்லை. வெறும் லோரியோடு வந்துகொண்டிருந்த என்னை மறித்து ஏற்றினார்கள். ஈப்போவில் ஒரு மிஸி, அதாவது நர்ஸ் அம்மா, எட்டுக் கட்டில் போட்டுப் பிரசவம் பார்க்கும் வீடு நடத்தினார். அங்கே கொண்டுபோய் நிறுத்தினேன். உள்ளிருந்து ஒருத்தி ஓடிவந்து அந்தப் பெண்ணைத் தாங்கிக்கொண்டு போனாள். போகிற போக்கில் திரும்பி, "வாசல அடைச்சிக்கிட்டு நிக்குது, மாட்ட அந்தப் பக்கம் கட்டுங்க," என்றாள். என் புது லோரியை மாடு என்றவள் அவள் ஒருத்திதான்.

இருபத்தாறு வயது. கான்வென்ட்டில் படிவம் மூன்று, அதாவது ஒன்பதாம் வகுப்புவரை படித்தவள், இங்கிலீஷ் வாசிப்பாள். மிஸிக்கு உதவி, துணி அவிப்பது, பிள்ளைகளைக் குளிப்பாட்டுவது அவள் வேலை. எங்களைப் போலவே கத்தோலிக்கக் குடும்பம். அப்பா இல்லை, அம்மாவும் அண்ணனும்தான். நான் அந்தப் பக்கம் லோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் போனேன். சீனக் கடைப் பாவ் ரொட்டி வாங்கிக் கொடுத்தேன். என் கதையைச் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "சரி, மூணாங் கிளாஸ்ல என்ன பாடம் படிச்சீங்க? அத மட்டும் சொல்லவே மாட்டேங்கிறீங்க," என்பாள். ஒருநாள் மழையில் அவளை வீட்டில் விடும்போது, லோரிக்குள் முத்தம் கொடுத்தேன். ஒரே ஒரு தடவை. அவள் அண்ணனிடம் நானே போய்ப் பெண் கேட்டேன். சரி என்றார்கள்.

எங்கள் கோயிலில் கல்யாணம் என்றால் முதலில் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள். பூசை முடிகிற நேரத்தில் சாமியார் மாப்பிள்ளை பெண் பேர்களைப் படித்து, இவர்கள் திருமணத்துக்குத் தடை எதுவும் தெரிந்தவர்கள் வந்து சொல்ல வேண்டும் என்பார். மூன்றாவது ஓலையும் வாசித்துவிட்டால் ஊரே ஒப்புக்கொண்டது என்று அர்த்தம்.

முதல் ஓலைக்கு நாலு நாள் முன்னால் அவள் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். உள்ளங்கை முழுக்கச் செம்பு நிறத்தில் புள்ளி புள்ளியாக வந்திருந்தது. பாதத்திலும் இருந்தது, அதை அவள் பார்க்கவில்லை. தலையில் அங்கங்கே பூச்சி அரித்த மாதிரி முடி கொட்டியிருந்தது.

"இது என்ன?"

"ஸ்டியரிங் புடிச்சுப் புடிச்சு வர்றது. எஞ்சின் சூடு."

அவள் கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்தாள். "ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுங்க," என்று சொல்லிக் கையை விட்டாள்.

முதல் ஓலை வாசித்தபோது நான் புது வெள்ளைச் சட்டையில் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தேன். என் பேரைச் சாமியார் படித்தது எனக்குப் பட்டம் கொடுத்த மாதிரி இருந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை, அவள் சொன்னாளே என்று பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். தோல் டாக்டர் கையைப் பார்த்தார், பாதத்தைப் பார்த்தார், கடைசி அறைக்கு அனுப்பினார்.

அந்த அறைக்கு வெளியே பெஞ்சில் எட்டுப் பேர் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தார்கள். அதில் மூன்று பேர் எங்கள் மைதானத்து ஆட்கள். இரண்டு பேருடைய லோரியில் நான் தகரம் வளைத்துக் கொடுத்திருக்கிறேன். யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஒருவனுடைய கால்சட்டையிலிருந்து சீழ் வாடை வந்தது. கோப்பிக் கடையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து அவன் கோப்பையிலேயே கோப்பி குடித்தவன் நான்.

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், வயதானவர். என்னைச் சட்டையைக் கழற்றச் சொன்னார், எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார்.

"எத்தனை நாளாய்?"

"ரெண்டு மாசம் இருக்கும் டாக்டர். எஞ்சின் சூடு. நான் தகரம் வளைச்சு, ஈரச் சாக்கு..."

"எஞ்சினோ?" என்றார். "நீர் எந்த எஞ்சினோட போய்ப் படுத்தனீர்?"

பக்கத்தில் நின்ற அட்டெண்டன் சிரிக்காமல் இருக்க முகத்தைத் திருப்பிக்கொண்டான். டாக்டர் சிரிக்கவில்லை. வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தார்.

"வாயிலையும் இருக்கு. இது சிபிலிஸ். ஊரிலை மேகநோய் எண்டு சொல்லுறது. ரத்தம் எடுப்பம், ஆனால் எனக்குச் சந்தேகம் இல்லை. கலியாணம் முடிச்சிட்டீரோ?"

"ஓலை வாசிச்சிருக்கு டாக்டர். இன்னும் ரெண்டு வாரத்துல."

"பொம்பிளையைத் தொட்டனீரோ?"

முத்தத்தைச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். நான் செய்த காரியங்களில் அழகானது என்று நினைத்துக்கொண்டிருந்த ஒன்றை அவர் நோய்ச் சீட்டில் எழுதினார்.

"ஊசி நான் போடுறன். வாரம் ஒண்டு, மூண்டு வாரம். ரத்தம் சுத்தம் எண்டு நான் எழுதித் தாற வரைக்கும் அவவைத் தொடக் கூடாது. கலியாணத்தைத் தள்ளிப் போடும். அவவுக்கும் ரத்தம் பார்க்க வேணும். சொல்லுறது உம்மட வேலை."

"எப்படி டாக்டர் சொல்றது?"

"எஞ்சின் கதையை எனக்கு எவ்வளவு வடிவாய்ச் சொன்னனீர். வாய் இருக்குத்தானே?"

ஊசி பின்பக்கத்தில் கல் மாதிரி இறங்கியது. வீட்டுக்கு வந்து குளித்தேன். மறுபடி குளித்தேன். என் உள்ளங்கையை என் முகத்தில் வைக்க எனக்கே பிடிக்கவில்லை. சோற்றைக் கரண்டியால் அள்ளித் தின்றேன். ஆனால் அவளிடம் போகவில்லை. புதன் போனது, வியாழன் போனது. நாலு ஊசியைப் போட்டு முடித்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒரு கணக்கு. மூன்று ஊசி என்பதுகூட மனதில் நிற்கவில்லை, அப்படி ஓடியது புத்தி.

இரண்டாவது ஞாயிறு அதே சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். நன்மை, அதாவது பூசையில் சாமியார் நாக்கில் வைக்கிற அப்பம், வாங்க வரிசையில் முட்டி போட்டேன். போகாமல் இருந்தால் ஏன் என்று கேட்பார்கள் என்ற பயம். நாக்கை நீட்டினேன். சாமியார் அப்பத்தை வைத்தபோது அவர் விரல் என் நாக்கில் பட்டது. அந்த விரல் அப்படியே எனக்கு அடுத்து முட்டி போட்டிருந்தவரின் நாக்குக்குப் போனது. அடுத்து இருந்தது அவளுடைய அண்ணன். நான் கண்ணை மூடிக்கொள்ளவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு ஓலை வாசித்தார்கள். தடை தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள் என்றார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். எல்லோரும் அதை ஆசைப் பார்வை என்று நினைத்துச் சிரித்தார்கள்.

என் வாழ்க்கையில் எத்தனையோ அழுக்கில் கை வைத்திருக்கிறேன். தோட்டத்தில் பொதுக் கக்கூஸ் வாளி தூக்கியிருக்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஈடாக ஒன்றும் இல்லை.

வியாழக்கிழமை பகலில் போனேன். மிஸி வீட்டின் பின்கட்டில் பெரிய தகரப் பீப்பாயில் கட்டில் துணிகள் கொதித்துக்கொண்டிருந்தன. அவள் நீளக் கழியால் கிண்டிக்கொண்டிருந்தாள். ரத்தமும் சோடாவும் கலந்த ஆவி.

"என்ன இந்த நேரத்துல? லோடு இல்லையா?"

"ஆயர் தாவார்ல ஏத்தணும். போற வழியில ஒன்னு சொல்லிட்டுப் போலாம்னு."

"ஆயர் தாவாருக்கு இதுவா வழி?"

நான் நின்றேன். "நான் எப்படிப்பட்டவன்னு ஒனக்குத் தெரியும். ஒன்னுமில்லாம வந்து சொந்த லோரி..."

"தெரியும். மேல சொல்லுங்க."

"இந்த எஞ்சின் சூடு இருக்கே..."

அவள் கழியை வெளியே எடுத்துத் தரையில் ஊன்றினாள். "போன வருஷம் இந்த வீட்டுல ஒரு புள்ள பொறந்துச்சு. உள்ளங்கை, உள்ளங்கால் எல்லாம் கொப்புளம். தொட்டா தோல் கையோட வருது. மூக்குல ஓயாம ஒழுகும். நாலு நாள் இருந்துச்சு. நான்தான் குளிப்பாட்டினேன். அது என்ன, லோரி ஓட்டுச்சா?"

என்னிடம் அதற்குமேல் பொய் இல்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் போனதைச் சொன்னேன். டாக்டர் சொன்ன பேரைச் சொன்னேன். ஊசியைச் சொன்னேன். குரல் எனக்கே கேட்கவில்லை. பீப்பாயில் தண்ணீர் கொதிக்கிற சத்தம்தான் கேட்டது.

"எத்தன தடவ போனீங்க?"

"மூணு."

"டாக்டர் எப்ப சொன்னாரு?"

"செவ்வாக்கெழம."

"முந்தா நாளா?"

"இல்ல. போன வாரம்."

"போன வாரமா," என்றாள். "அப்போ ஞாயித்துக்கெழம தெரிஞ்சுதான் ஒக்காந்திருந்தீங்க. சாமியார் கேக்குறாரு, நீங்க ஒக்காந்திருந்தீங்க."

நான் தலையை ஆட்டினேன்.

"லோரியில அன்னிக்கு... அப்போ தெரியுமா?"

"தெரியாது. மாதா மேல சத்தியமா தெரியாது."

அவள் குழாயடிக்குப் போனாள். துணிக்குப் போடும் மஞ்சள் சோப்பைக் கையில் தேய்த்து அப்படியே வாய்க்குள் விட்டாள். உதட்டைத் தேய்த்தாள், ஈறைத் தேய்த்தாள், நாக்கைப் பிடித்து வெளியே இழுத்துத் தேய்த்தாள். நுரையைத் துப்பினாள், மறுபடி சோப்புப் போட்டாள். ஓங்கரித்தாள். அது நடந்து பல நாள் ஆகிவிட்டது, சோப்பு போட்டு ஒன்றும் ஆகாது என்று அவளுக்குத் தெரியும். என்னைவிட நன்றாகவே தெரியும். ஆனாலும் தேய்த்தாள். நான் இரண்டு அடி முன்னால் வைத்தேன்.

"கிட்ட வராதீங்க."

நின்றேன்.

"மிஸிகிட்ட ரத்தம் எடுக்கச் சொல்லணும்," என்றாள், வாயைத் துடைத்துக்கொண்டே. "என்ன சொல்லிக் கேக்குறது? பத்து வருஷமா நான் இங்க இருக்கேன். நீங்களே சொல்லுங்க, நான் என்னன்னு சொல்லிக் கேப்பேன்?"

அவள் கழியை எடுத்து மறுபடி கிண்ட ஆரம்பித்தாள். நான் லோரிக்கு வந்து, தகரத்தை உடைத்துச் சாக்கோடு சாக்கடையில் எறிந்துவிட்டு ஆயர் தாவாருக்குப் போனேன்.

மூன்றாவது ஞாயிறு எங்கள் ஓலை வாசிக்கப்படவில்லை. சனிக்கிழமையே அவள் சாமியாரிடம் போய், இப்போது வேண்டாம் என்று மட்டும் சொல்லியிருக்கிறாள், காரணம் சொல்லவில்லை. மற்ற இரண்டு ஜோடிகளின் பேரைப் படித்துவிட்டுச் சாமியார் புத்தகத்தை மூடினார். தலைகள் திரும்பின. அவள் வரவில்லை, அவள் அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பூசை முடிந்து வாசலில் கோப்பி கொடுப்பார்கள். எல்லோர் வீட்டு விஷயத்திலும் முதலில் தலையிடுகிற ஒரு அக்கா என் பக்கத்தில் வந்தார்.

"என்ன தம்பி, பொண்ணுக்கு என்னமோ கோளாறாம் லா? கர்ப்பப்பையில கட்டின்னு பேசிக்கிறாங்க. புள்ளப்பேறு வீட்டுல வேல பாக்குற பொண்ணு, எதத் தொட்டுச்சோ, எதக் கழுவுச்சோ. நீ தப்பிச்ச போ."

என் கையில் கோப்பி இருந்தது. அவள் அம்மா பத்தடியில் நின்றார், காதில் விழுந்திருக்கும்.

"கடவுள் சித்தம் அக்கா," என்றேன். கோப்பியைக் குடித்தேன். சர்க்கரை அதிகம் என்றுகூட நினைத்தேன்.

மூன்று ஊசியும் போட்டேன். கைப் புள்ளிகள் போயின, முடி முளைத்தது. மூன்று மாதத்தில் ரத்தம் எடுத்தார்கள், ஆறாவது மாதத்தில் மறுபடி எடுத்தார்கள். டாக்டர் ஒரு சீட்டு எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார். என் பேர் போட்டு முத்திரை குத்திய தாள் எனக்கு அதுவரை லைசென்ஸைத் தவிர வேறு கிடைத்ததில்லை. அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு நேரே மிஸி வீட்டுக்குப் போனேன். போகும்போது விசில் அடித்துக்கொண்டு போனேன்.

அவள் கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு சீட்டை வாங்கி வாசித்தாள்.

"சுத்தம்னு போட்டிருக்கு. இன்னும் ஒரு வருஷம் வந்து பாக்கணும்னும் போட்டிருக்கு. போங்க, விட்டுடாதீங்க."

"ஒன்னோட ரத்தம்?"

"ரெண்டு தடவ பாத்தாச்சு. ஒன்னும் இல்ல."

"அப்போ சாமியார்கிட்ட சொல்லி ஓலைய மறுபடியும்..."

"இல்ல."

"நோய் போயிருச்சுல்ல?"

"நோய் போச்சு, நல்லது. இங்க எவ்வளவு நோய் பாக்குறேன். அதுக்கு ஊசி இருக்கு," என்றாள். குரலை உயர்த்தவில்லை. "ஒங்க கையைத் திருப்பிப் பாத்த அன்னிக்கே எனக்குச் சந்தேகம். நானே கேட்டிருக்கலாம். நீங்க வாயைத் தொறக்கணும்னு இருந்தேன். ரெண்டு ஞாயிறு திரும்பித் திரும்பிப் பாத்தேன். அதுக்கப்புறம் கோயில் வாசல்ல எங்கம்மா நிக்கும்போது கடவுள் சித்தம்னு சொன்னீங்க. சீக்க கடவுள் தலையில போட்டீங்க, பேர என் தலையில போட்டீங்க. ஒங்களப் பாத்தா எனக்கு வயித்தப் பொரட்டுது. இனிமே அது சரியாகாது."

நான் என்ன செய்தேன் தெரியுமா? மன்னிப்புக் கேட்கவில்லை. சொந்த லோரிக்காரனை ஒருத்தி வேண்டாம் என்கிறாளே என்று தலைக்கு ஏறியது. இந்த வயசுக்கு மேல் உன்னை வேற எவன் கட்டுவான் என்று கேட்டேன். அதோடு ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னேன். அதை இங்கே எழுத மாட்டேன். பலகை வீடுகளில் இருந்த பெண்களைச் சொல்லும் வார்த்தை. என் வாயிலிருந்து, அவளைப் பார்த்து.

அவள் சீட்டை உறைக்குள் போட்டு என் பக்கம் நீட்டினாள். "எடுத்துட்டுப் போங்க. அடுத்த ஆளுக்குக் காட்டணும்ல."

அதற்குப் பிறகு நான் அந்தக் கோயிலுக்குப் போகவில்லை, வேறு கோயிலுக்குப் போனேன். அவள் தைப்பிங் பக்கம் போய்விட்டதாகக் கேள்வி. மைதானத்தில் புதிதாக வந்த டிரைவர்கள் எஞ்சின் சூடு என்று பேசினால் எழுந்து போய்விடுவேன். பெரியாஸ்பத்திரியில் கடைசி அறை இருக்கிறது, போ என்று ஒருவனிடமாவது சொல்லியிருக்கலாம். அதையும் சொல்லவில்லை. லோரி இரண்டானது, மூன்றானது.

எண்பதுகளின் தொடக்கத்தில் சுங்காய் பக்கம் ஒரு தோட்டத்தில் பெண் பார்த்தார்கள். ரப்பரை அழித்துச் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை, போட்டுக்கொண்டிருந்த நேரம். அவளும் மரம் சீவுகிறவள்தான், முப்பது வயது, பள்ளிக்கூடமே போகாதவள். வரிசையாகக் கட்டிய லயத்து வீட்டில் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது, பெண்ணிடம் தனியாகப் பேச வேண்டும் என்றேன். பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். பால் நிறுக்கிற கொட்டகைக்குப் பின்னால் போய் நின்றோம். அழுகிய ரப்பர் பால் நாற்றம். நோயின் பேரைச் சொன்னேன், எங்கே வந்தது என்று சொன்னேன், ஊசி போட்டதைச் சொன்னேன், முன்னால் ஒருத்திக்குச் சொல்லாமல் உட்கார்ந்திருந்ததையும் சொன்னேன். லோரியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அவள் மூக்கைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். பால் நாற்றத்துக்கு அவளுக்கு மூட வேண்டிய அவசியம் இல்லை, அதிலேயே பிறந்தவள். மூடியபடியே, "பேப்பர் வச்சிருக்கீங்களா?" என்றாள்.

டாக்டரின் கடைசிச் சீட்டை எடுத்துக் கொடுத்தேன். அவள் அதைப் பிரித்துப் பார்த்தாள். சீட்டு இங்கிலீஷில் இருந்தது. அவளுக்கு எழுத்தே தெரியாது, எனக்குத் தமிழ் மட்டும்தான். இரண்டு பேரும் அந்த முத்திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"டிரெசர்கிட்ட போலாம்," என்றாள். டிரெசர் என்றால் தோட்டத்து மருந்தகத்தில் ஊசி போடுகிறவர், எங்களுக்கு அவர்தான் டாக்டர். அவர் சீட்டின் தலைப்பைப் பார்த்ததும் மூலையை இரண்டு விரல் நுனியில் பிடித்துக்கொண்டார். என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ வெளிய இரு புள்ள," என்று அவளைப் பார்த்துச் சொன்னார்.

"நான்தான் கேக்கணும். படிங்க," என்றாள் அவள்.

படித்தார். சுத்தம் என்றார். இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். வாயைக் கோணிக்கொண்டு மறுபடி படித்துவிட்டு, சீட்டை மேசையில் போட்டு, தொட்டிக்குப் போய் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கை கழுவினார். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெகுநேரம் கழுவினார்.

அவள் மேசையிலிருந்து சீட்டை எடுத்தாள். வெறுங்கையால்தான் எடுத்தாள். நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு, "வீட்டுல காத்திருப்பாங்க," என்று முன்னால் நடந்தாள்.